ஔவுக்கு ஒரு சீசா

வில்பட்டியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு ஆரம்பித்தபோது எல்லாம் இருந்தது, புத்தகம் மட்டும்தான் இல்லை. விதைக் கிழங்கு போட்டு வைத்திருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்து, தரையை மெழுகி, பாய் விரித்துக் கொடுத்திருந்தார்கள். கிழங்கு போனாலும் கிழங்கு வாசனை போகவில்லை. கூப்பிடாமலே வந்து உட்காரும் பிள்ளைகள் இருந்தார்கள். கூப்பிடாமலே எட்டிப் பார்க்கும் ஆடுகளும் இருந்தன. பழனியிலிருந்து வந்த லீலா டீச்சர் இருந்தாள்.

லீலாவின் அப்பா பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். பங்குனி உத்திரக் கூட்டத்தில் டப்பா எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள் அவள். எந்த ஊர்க் கூட்டம் வந்தாலும் சமாளித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு அவளுக்கு உண்டு. மலை ஊர்க் கூட்டம் வேறு ரகம் என்பது புத்தகம் தேர்ந்தெடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குத் தெரிந்தது.

வகுப்பை நடத்தியது மாதர் சங்கம். செலவை ஏற்றுக்கொண்டது உருளைக்கிழங்கு மண்டி குமாரவேல். அந்த ஊரில் எந்தக் கமிட்டி போட்டாலும் அவர்தான் தலைவர். திருவிழாக் கமிட்டிக்குத் தலைவர். ரோடு கேட்டு மனுக் கொடுக்கும் கமிட்டிக்குத் தலைவர். மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது, ஆகவே ஊரின் மதுவிலக்குப் பிரச்சாரக் கமிட்டிக்கும் அவரே தலைவர். ஊர்வலத்தில் அவர் முன்னால் போய்க் கோஷம் போட்டால் எதிர் மலையில் எதிரொலி கேட்கும் என்பார்கள்.

"டீச்சர், புத்தகம் வாங்கித் தர்றது என் சோலி," என்றார் குமாரவேல். "ஆனா எந்தப் புத்தகம்னு ஊரே கூடித்தான் முடிவு பண்ணணும். நாளைக்கு ஒருத்தன் வந்து, என்னய ஒரு வார்த்த கேக்கலையேன்னு நிக்கக் கூடாது பாருங்க."

புத்தகம் தேர்ந்தெடுப்பது டீச்சரின் வேலை என்று லீலா நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்ததை விழுங்கிக்கொண்டு தலையாட்டினாள்.

மதுரையிலிருந்து புத்தக ஏஜெண்டு வேலுமணி வந்து சேர்ந்தார். கொடைக்கானல் வரை பஸ், அங்கிருந்து மண்டி லாரி. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு வந்ததால் முகம் வேக வைத்த கீரை நிறத்தில் இருந்தது. ஒரு கையில் டிரங்குப் பெட்டி, மறு கையில் மூக்கோடு ஒட்டிய எலுமிச்சம்பழம். பேசவே தெம்பில்லாத மனிதர், பெட்டியைத் திறந்ததும் ஆளே மாறிப்போனார்.

"பாருங்க, பாருங்க! குழந்தைகளுக்கான படப் புத்தகம், அரிச்சுவடி! ஒண்ண விட ஒண்ணு ஒசத்தி!"

கொட்டகை நிறைய ஆட்கள். பெண்கள் ஒரு பக்கம், கம்பளி போர்த்திய ஆண்கள் ஒரு பக்கம். பிள்ளைகளை வெளியே விளையாட விட்டிருந்தார்கள். வேலுமணி முதல் புத்தகத்தை விரித்துக் காட்டினார். பக்கம் முழுக்கக் கலர்தான். ஆனால் கலர் அதற்குரிய இடத்தில் இல்லை. கிளியின் கோடு ஓரிடத்தில், பச்சை ஒரு விரற்கடை தள்ளி வேறிடத்தில். சிவப்பு மூக்கு தனியாகப் பறந்துகொண்டிருந்தது.

மாதர் சங்கத்துக் காரியதரிசி பாப்பம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பூண்டு விவசாயம் செய்கிறவள். பூண்டை விட அவள் வாய்க்குக் காரம் அதிகம்.

"ஏம்ப்பா, இந்தக் கிளிக்கு உசுரு வெளிய போயிருச்சா?"

"மெசின் லேசா அசைஞ்சிருச்சும்மா. பிள்ளைக கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது."

"ஏன், எங்க பிள்ளைகளுக்குக் கண்ணு இல்லையாக்கும்?"

வேலுமணி அவசரமாக அதை மூடிவிட்டு அடுத்ததை எடுத்தார். அது சீமைப் புத்தகம். கொடைக்கானல் கான்வென்ட் பிள்ளைகள் வைத்திருப்பதுபோல வழவழ காகிதம். அதில் ரோஜா நிறத்தில் ஒரு பன்றி கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கையில் பையோடு நடந்துபோனது.

ஆண்கள் பக்கத்திலிருந்து மொக்கைச்சாமி எழுந்து வந்தார். அவருடைய கிழங்குக் காட்டைத்தான் போன வாரம் காட்டுப் பன்றிகள் ஏர் கட்டாமலே உழுது வைத்திருந்தன.

"இது என்னதுங்க?"

"சமத்துப் பன்னிங்க. பள்ளிக்கூடம் போகுது."

"எங்காட்டுக்கு வந்தப்போ கோட்டு போடலையே?"

யாரோ சிரித்தார்கள். மொக்கைச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. "நாங்க குளிர்ல வெறச்சுக்கிட்டு டின்னத் தட்டி வெரட்டுறோம். நீ அதுக்குத் தொப்பி மாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புற! எங்கெழங்கத் தின்னு வளந்த ஒடம்புய்யா அது!"

மூன்றாவது புத்தகத்தைப் பார்த்ததும் லீலாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. பக்கத்துக்கு ஓர் எழுத்து, ஓர் எழுத்துக்கு ஒரே படம். பெரிய அச்சு. கலர் அதிகமில்லை, ஆனால் கோடு சுத்தம். அணிலின் வாலை முடி முடியாக வரைந்திருந்தான் அந்த ஓவியன். சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷத்தில் வாய் தவறி, "இதுதாங்க நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். டீச்சருக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் ஊரே அதில் குற்றம் தேட உட்கார்ந்தது.

"ஆ போட்டு ஆந்தையா?" என்றாள் பாப்பம்மாள். "பிள்ள வெள்ளனே எந்திரிச்சுப் புத்தகத்த விரிச்சா ஆந்த மொகத்துலயா முழிக்கிறது?"

"எலிக்கு எதுக்கு இம்புட்டுச் சிரிப்பு?" என்றார் மொக்கைச்சாமி. "வெதக் கெழங்குல பாதி அது வயித்துல கெடக்கு. சிரிக்காம என்ன செய்யும்!"

குமாரவேல் கையை உயர்த்தினார். தகராறு என்று வந்தால் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்வது அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

"சரி, ஆந்தப் பக்கத்தையும் எலிப் பக்கத்தையும் பச தடவி ஒட்டிருவோம்."

"அப்போ எ எழுத்து?" என்று கேட்டாள் லீலா.

"எ இல்லாம ஒரு வருசம் ஓடட்டும் டீச்சர். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

பெண்கள் வரிசையிலிருந்து குமாரவேலின் மனைவி சண்முகசுந்தரி மெதுவாகக் கேட்டாள்: "எ இல்லாம எம் பேரு என்னன்னு எப்படிங்க எழுதுறது?"

"ஒம் பேருல எங்க இருக்கு எ? சும்மா இரு."

லீலாவுக்கு உள்ளுக்குள் கொதித்தது. இந்த வேகத்தில் போனால் சாயங்காலத்துக்குள் உயிரெழுத்தே மிஞ்சாது. அப்போது அப்பாவின் ஞாபகம் வந்தது. கடைக்கு வந்த பெரியவர்கள் பேரத்தை விடாமல் இழுத்தால் அப்பா அவர்களோடு மல்லுக்கட்ட மாட்டார். கூட வந்த குழந்தையின் உள்ளங்கையில் துளி பஞ்சாமிர்தத்தை வைத்துவிடுவார். குழந்தை நக்கிவிட்டால் பேரம் முடிந்தது.

"படிக்கப் போறது பிள்ளைகதானங்க," என்றாள். "ஒரு தடவ அவங்களயும் கேட்டுப் பாத்துருவோமே."

யாரும் மறுக்குமுன் அவள் வாசலுக்குப் போய்க் கையைத் தட்டினாள். பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள்.

முதல் புத்தகத்தைக் காட்டினாள். ஒரு சிறுமி கிளிக்கு வெளியே வழிந்திருந்த பச்சையை எச்சில் தொட்டு அழிக்கப் பார்த்தாள். இரண்டாவதைக் காட்டியதும், "பன்னி! பன்னி!" என்று கத்திக்கொண்டு மொக்கைச்சாமியின் மகன் கல் பொறுக்க வெளியே ஓடினான். "எம் பிள்ள!" என்றார் மொக்கைச்சாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மூன்றாவதைப் பிரித்ததும் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ஆந்தையைப் பார்த்து ஆளுக்கொரு விதமாய் அலறினார்கள். எலியைப் பார்த்து, அதைப் பிடிக்கப் பொறி எங்கே வைக்க வேண்டும் என்று ஆலோசனை நடந்தது. ஒட்டகத்தை அவர்கள் கண்டதில்லை. அதனால் என்ன? "பொதியோட பொறந்த குதிர!" என்றாள் ஒருத்தி. ஓடம் வந்ததும், கொடைக்கானல் ஏரியில் பார்த்த படகை நினைத்து, "ஏரி போட்டு! ஏரி போட்டு!" என்று துள்ளினார்கள். பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாப்பம்மாள்கூட ஆந்தையை மன்னித்துவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

கடைசி உயிரெழுத்து ஔ. படத்தில் கார்க்கு வைத்த உயரமான ஒரு சீசா, பக்கத்தில் சின்னக் கிளாஸ். கீழே 'ஔடதம்' என்று போட்டிருந்தது. பிள்ளைகள் விழித்தார்கள்.

லீலா எடுத்துக் கொடுத்தாள். "ஒடம்பு சரியில்லைன்னா குடிப்பாங்கல்ல, அது. மருந்து."

"தெரியும் டீச்சர்!" முன் வரிசையிலிருந்து வள்ளிமயில் துள்ளி எழுந்தாள். குமாரவேலின் கடைக்குட்டி அவள். "எங்கப்பா மருந்து! பரண்ல சாக்குக்குப் பின்னாடி இருக்கு!"

குமாரவேலுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அவுகளுக்கு இருமல் இருக்குல்ல, அதான் குடிக்கிறாக," என்று வள்ளிமயில் கூட்டத்துக்கு விளக்கினாள். "அம்மா தூங்குனதும் குடிப்பாக. குடிச்சா கண்ணு செவந்துரும். அப்புறம் மெதுவாப் பாடுவாக."

அந்தச் சமயம் பார்த்துக் கையில் கல்லோடு திரும்பி வந்த மொக்கைச்சாமி மகன் படத்தைப் பார்த்தான்.

"ஐ, எங்கப்பாவும் வள்ளிமயிலு வீட்டுக்குப் போயித்தான் இந்த மருந்து குடிப்பாக! எங்கப்பாவுக்கும் சீக்கு!"

"ஏலே, வாய மூடுறா!" என்று மொக்கைச்சாமி பாய்வதற்குள் இன்னொரு பிள்ளை தன் அப்பாவைக் காட்டியது. அதற்குப் பக்கத்தில் இருந்தது தன் சித்தப்பாவைக் காட்டியது. மதுவிலக்குப் பிரச்சாரக் கமிட்டி மொத்தமும் கம்பளிக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டது.

"அடப் பாவமே," என்றாள் பாப்பம்மாள். "நம்ம ஊர்ல இம்புட்டுப் பேருக்கா சீக்கு! நமக்குத் தெரியாமப் போச்சே."

சண்முகசுந்தரி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"எங்க போற?" என்றார் குமாரவேல்.

"அடுப்புல பாலு வச்சிட்டு வந்தேங்க."

அந்த நேரத்தில் எந்த வீட்டு அடுப்பிலும் பால் இருக்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் போன திசையையே குமாரவேல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டென்று தலைவராக மாறினார்.

"இந்தப் புத்தகம் வேணாம். பிள்ளைக மனச இது கெடுத்துரும். அந்த மொதப் புத்தகத்தையே எடுத்துக்குவோம். கிளி நல்ல கிளி."

"ஆமா, ஆமா! நல்ல கிளி!" என்றார்கள் ஆண்கள் ஒரே குரலில். அந்த ஊரில் ஆண்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

லீலாவுக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. சிரித்தால் வேலை போய்விடும். ஔ பக்கத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். சீசாப் படத்துக்குப் பின்னால் டீச்சரின் தோள்கள் குலுங்குவதை வேலுமணி மட்டும் பார்த்தார். அவரும் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர ஆரம்பித்தார்.

"வகுப்பு மாதர் சங்கத்து வகுப்பு," என்று பாப்பம்மாள் எழுந்து நின்றாள். "இந்தப் புத்தகம் வந்தா எம்புட்டு வெவரம் வெளிய வருது! வேணுங்கிறவுக கையத் தூக்குங்கத்தா."

பெண்கள் பக்கத்தில் தூக்காத கை இல்லை. ஒரு கைக்குழந்தையின் கையைக்கூட அதன் தாய் சேர்த்துத் தூக்கினாள்.

அதற்குள் சண்முகசுந்தரி திரும்பி வந்தாள். மூச்சு வாங்கவில்லை, கோபமும் தெரியவில்லை. முந்தானைக்குள்ளிருந்து ஒரு சீசாவை எடுத்து, லீலாவின் கையிலிருந்த புத்தகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, படத்தையும் சீசாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அப்படியே இருக்குங்க டீச்சர்," என்றாள். "கார்க்கு கூட அதே மாதிரி. வரைஞ்சவரு நல்லா அனுபவிச்சு வரைஞ்சிருக்காரு. இந்தப் புத்தகமே இருக்கட்டும். ஒரு பக்கத்தையும் ஒட்ட வேணாம்."

கூட்டம் கலைந்தது. ஆண்களுக்கெல்லாம் வெரசாகப் போக வேண்டிய சோலி இருந்தது. வேலுமணி மூன்றாவது புத்தகத்துக்கு ஆர்டர் எழுதிக்கொண்டு, வளைவுகளை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி லாரி ஏறினார். குமாரவேல் மட்டும் வீட்டுக்குப் போக மனசில்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்து கிடந்தன. லீலாவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. தேடிப் போய், "நான் வேணும்னு செய்யலைங்க சார்," என்றாள்.

"தெரியும் டீச்சர்." அவர் மூடுபனியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இந்த ஔ இல்லாமத் தமிழ் ஓடாதா?"

"ஓடுங்க சார். கொஞ்சம் நொண்டும்."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "நொண்டுனா நல்லாருக்காது," என்று ஒத்துக்கொண்டார். சொன்ன சொல்லை மாற்றாமல் புத்தகத்துக்கான செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார். மதுவிலக்குக் கமிட்டிக்கு அந்த மாதமே சண்முகசுந்தரி தலைவியானாள். அவள் ஊர்வலம் போகவில்லை, கோஷமும் போடவில்லை. அவ்வப்போது வீடு வீடாகப் போய்ப் பரண்களைப் பற்றி அன்பாக விசாரித்தாள், அவ்வளவுதான்.

மழைக்கு முன்னால் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. அதன் பிறகுதான் லீலா எதிர்பாராத ஒன்று நடந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போக அதுவரை தாய்மார்கள்தான் வருவார்கள். இப்போது தகப்பன்மார்கள் வர ஆரம்பித்தார்கள், அதுவும் வகுப்பு முடிய நிறைய நேரம் இருக்கும்போதே. பிள்ளை எந்தப் படத்தைப் பார்த்து எதைச் சொல்லுமோ என்ற கவலை. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வாசலில் வரிசையாக நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், நனைகிறார்களே என்று லீலா அவர்களை உள்ளே கூப்பிட்டாள். பின்னால் கிடந்த பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் அணில் பக்கத்திலிருந்து தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்த காரியத்தை மறந்துபோனார்கள். எலிப் பக்கம் வந்தபோது பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து, "எ! எலி!" என்று ஒரு பெரிய குரல் எழுந்தது. மொக்கைச்சாமி.

வள்ளிமயில் திரும்பிப் பார்த்து முறைத்தாள்.

"மாமா, கையத் தூக்கிட்டுத்தான் சொல்லணும்."

மொக்கைச்சாமி கம்பளியை விலக்கிக்கொண்டு கையைத் தூக்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமாரவேலும் தனக்கும் தெரியும் என்று காட்டுவதற்காகத் தன் கையை அதைவிட உயரமாகத் தூக்கினார். லீலா குமாரவேலைத்தான் முதலில் கேட்டாள்.