இடைவேளைச் சண்டை

அப்பா விட்டுப்போன தியேட்டரில் நாற்காலி உறை பச்சையா, சிவப்பா என்று தொடங்கிய வாக்குவாதம் முற்றி, அண்ணனும் தம்பியும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். ஓர் உறைக்காகவா ஒருவன் கூடப்பிறந்தவனை விடுவான்? விட்டார்களே! கீழ்த்தளம் அண்ணனுக்கு, பால்கனி தம்பிக்கு என்று பாகமும் ஆயிற்று.

ஆனால் ஒரே கட்டடத்தைப் பேசாமல் எப்படி நடத்துவது? அண்ணன் இடைவேளை ஸ்லைடில் எழுதித் திரையில் போடச் சொன்னார்: "பால்கனி விளக்கை அணைக்காதவர் கவனத்துக்கு: கரண்ட் பில்லை உங்க மாமனாரா கட்டுறார்?" அடுத்த காட்சிக்கே பதில் விழுந்தது: "என் மாமனாரை இழுத்தவருக்கு: உங்க மாமனார் ஓசியில படம் பார்க்கிறது ஊருக்கே தெரியும்."

அவ்வளவுதான், ஊர் திரண்டுவிட்டது. படம் எந்தக் குப்பையாக இருந்தால் என்ன, இடைவேளையில் ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைவீதியில் மற்ற தியேட்டர்கள் ஈ ஓட்டின. இங்கே நாற்காலி போதாமல் பெஞ்சு போட்டார்கள். அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கல்லா நிரம்பி என்ன, 'அண்ணே' என்று கூப்பிட நாதியில்லையே!

ஒருநாள் திரையில் இப்படி வந்தது: "பொண்ணு பொறந்திருக்கா. பெரியப்பா வந்து பார்க்கணும்."

அண்ணன் செருப்பைக்கூட மாட்டாமல் பால்கனிக்கு ஓடினார். தம்பியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அரங்கமே எழுந்து கைதட்டியது. தட்டிய மகராசன்கள், சண்டை ஓய்ந்த இடத்தில் இனி என்ன வேடிக்கை என்று மறுவாரத்திலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். "முதலாளி, பேருக்கு ஒரு சண்டையாவது போடுங்களேன்."

போட்டுப் பார்த்தார்கள். தம்பி எழுதினான்: "அன்புள்ள அண்ணன் ஒரு கஞ்சர் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." முன்வரிசையில் ஒருவர் கத்தினார்: "யாருகிட்ட கதை விடுறீங்க? மத்தியானம் ஒரே கேரியர்ல சாப்பிட்டீங்களேய்யா!"

"நிஜமாவே பேசாம இருந்துடலாம்ணே," என்றான் தம்பி, காலி நாற்காலிகளைப் பார்த்தபடி. "தியேட்டராவது பொழைச்சுக்கும்."

அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போடா முட்டாள்! அஞ்சு வருஷம் உன்னைத் திரையில படிச்சுப் படிச்சே கண்ணு பூத்துப் போச்சு. மூடித் தொலை!"

மூடினார்கள். சாவி யாரிடம் இருப்பது என்று வாசலிலேயே தொடங்கி, தெருமுனை வரை இருவரும் வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். பார்க்கத்தான் ஆளில்லை.