ஞானகுமாரி எழுதிய நாலு வரி

பொன்னியம்மா அவளை முதலில் அடித்தது செருப்பால். அடுத்த அடி கையால். அதற்கப்புறம் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கதவு நிலையில் ஒரு மோது. ஞானகுமாரி தடுக்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது, அதைக்கூடத் துடைக்கவில்லை.

"என் ஊட்டுக்காரன் வெரலு போச்சுடி! கம்ப்யூட்டர் வச்சுக்கீது, இனிமே கை போவாதுன்னு நீதானே வந்து சொன்னே? சொன்னியா இல்லியா?"

"நான்தான் சொன்னேன்."

அந்தப் பதிலுக்கும் ஒரு அறை விழுந்தது.

கண்ணுங்களா, கொஞ்சம் பொறுங்க. அடித்தவள் யார், அடிபட்டவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் அடி நிறைய உண்டு. ரத்தம் பார்த்தால் மயக்கம் வருகிறவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை. தொண்ணூற்று மூன்றாம் வருஷம். அங்கே கம்ப்ரசர் காத்தில் ஓடுகிற, தகடு அடிக்கும் பிரஸ்ஸில் வேலை செய்தவன் வேம்புலி. பொன்னியம்மா அவன் மனைவி. ஞானகுமாரி ஆவடியிலிருந்து ரயிலில் வந்து, எஸ்டேட்டின் பெரிய கம்பெனி ஒன்றில் புரோகிராம் எழுதுகிறவள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டிருந்ததால் அதைக் கண்ணாடி கம்பெனி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிரஸ்ஸை ஓட்டுகிற கன்ட்ரோல் பெட்டியை அந்தக் கம்பெனி விற்றது. பெட்டிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு சிப்பு. சிப்புக்குள் ஞானகுமாரியின் புரோகிராம்.

பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும், இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் டை, அதாவது தகட்டை வெட்டுகிற இரும்பு அச்சு, இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது டைக்குள் கை எப்படி இருக்கும்? அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒரு பட்டனைச் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். ஒரு கை தகட்டைத் தள்ளும், இன்னொரு கை பட்டனைத் தட்டும், பீஸ் மளமளவென்று விழும். கூலி பீஸ் கணக்கில் என்றால் யார்தான் கட்டமாட்டார்கள்?

இது ஞானகுமாரிக்குத் தெரியும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போகிற ரகமில்லை. எழுதினதைப் பட்டறைக்கே எடுத்துவந்து, டைக்குள் ஒரு முருங்கைக்காயை வைத்து, பட்டனைக் கட்டி, கரண்டை அணைத்துப் போட்டு, எப்படியாவது அந்த முருங்கைக்காயை நசுக்கப் பார்ப்பாள். விரலும் அதுவும் ஒரே கனம் என்பாள். "இன்னாக்கா, இன்னிக்கு சாம்பாரா?" என்று வேம்புலி கேலி பண்ணுவான். நசுங்காத காயை அவனிடமே கொடுத்துவிட்டுப் போவாள்.

அந்த முருங்கைக்காய்க்காக அவள் சேர்த்ததுதான் நாலு வரி. ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் இரண்டு பட்டனும் விடுபட்டிருக்க வேண்டும். கரண்ட் போய் வந்தாலும் அப்படித்தான். கட்டின பட்டனைப் பார்த்தால் மிஷின் அசையாது.

பிறகு எப்படிப் போனது வேம்புலியின் விரல்? கரண்ட் போனது. கரண்ட் போனால் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. மிஷின் செத்துக் கிடக்கிறதே, இந்த நேரத்தில் டையைத் துடைத்துவிடலாம் என்று பஞ்சு வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் உள்ளே கையை விடுவார்கள். மெயின் சுவிட்சை அணைக்கிற வழக்கம் கிடையாது, அதான் கரண்டே இல்லையே! வேம்புலியும் எட்டித் துடைத்தான். எட்டும்போது வயிறு ஒரு பட்டனில் பதிந்தது. இன்னொரு பட்டன் டியூப்பில் கட்டிக் கிடந்தது. கம்ப்ரசர் தொட்டியில் காத்து அப்படியே நின்றிருந்தது. கரண்ட் வந்தது. டை இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு அவனை ஒரு மூணு சக்கர மீன்பாடி வண்டியில் கொண்டுபோனார்கள். விரல்களைப் பொன்னியம்மா ஒரு துண்டில் முடிந்து பின்னால் ஓடினாள். ஒட்டவைக்க முடியவில்லை. அவள் பட்டறைக்குத் திரும்பினபோது, சேதி கேட்டு ஓடிவந்த ஞானகுமாரி அங்கே நின்றிருந்தாள்.

அடி வாங்கிக்கொண்டே ஞானகுமாரி யோசித்தது ஒன்றுதான். நான் எதை விட்டேன்? எந்த வரியில் தப்பு? தப்பு தன்னுடையது என்றே நம்பினாள். அதனால்தான் கையைத் தூக்கவில்லை.

பொன்னியம்மா களைத்துப்போய் உட்கார்ந்ததும், ஞானகுமாரி எழுந்து பிரஸ்ஸிடம் போனாள். பிரஸ் தட்டில் இருந்த ரத்தத்தை இன்னும் யாரும் கழுவவில்லை. பையிலிருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்து டைக்குள் வைத்தாள். மெயினை அணைத்தாள். ஒரு பட்டன் கட்டியே இருந்தது, மற்றதை முழங்கையால் அழுத்திக்கொண்டு மெயினைப் போட்டாள்.

டம்!

முருங்கைக்காய் கூழாகிச் சுவரில் தெறித்தது. பட்டறையே ஒரு அடி பின்னால் போனது.

"இது என் புரோகிராம் இல்ல" என்றாள் ஞானகுமாரி. "யாரோ மாத்தியிருக்காங்க."

"இம்மாம் அடி வாங்கிட்டு இப்போ சொல்றியா?" என்றாள் பொன்னியம்மா.

"அடிக்கும்போது எனக்கே தெரியாதும்மா."

இரண்டு பேருமாகக் கண்ணாடி கம்பெனிக்கு நடந்தார்கள். பொன்னியம்மாவை வாசல் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் அருள்தாஸ் மதியச் சாப்பாட்டில் இருந்தார். கெட்ட மனுஷர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கண்மூடிப் பாடுகிறவர்.

"உக்காருங்க ஞானகுமாரி. லிப்ல என்ன? விழுந்துட்டீங்களா? தயிர்சாதம் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?"

"அந்த நாலு வரியை யார் எடுத்தது சார்?"

"எந்த நாலு... ஓ, அதுவா. ஏகப்பட்ட கம்ப்ளைண்ட். மிஷின் நிக்குது, மிஷின் நிக்குதுன்னு பட்டறைக்காரங்க போன் மேல போன். நிக்காம பண்ணிட்டோம். போன மாசம் சர்வீஸ் ஆளுங்க எல்லா இடத்துலயும் சிப்பை மாத்திட்டாங்க. இப்ப ஒரு கம்ப்ளைண்டும் இல்ல."

"நிக்கணும்னுதான் சார் எழுதினேன். இன்னைக்கு ஒருத்தருக்கு விரல் போயிடுச்சு."

அருள்தாஸ் கரண்டியைக் கீழே வைத்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்: "பட்டனைக் கட்டக் கூடாதுன்னு மேனுவல்ல போட்டிருக்கோம்."

"மேனுவல் இங்கிலீஷ்ல இருக்கு சார்."

"அதை லீகல் டிபார்ட்மெண்ட் பாத்துக்கும். நீங்க டென்ஷன் ஆகாதீங்க. அடுத்த வெர்ஷன்ல சேர்த்துடலாம், ஏப்ரல்ல."

"அதுவரைக்கும்?"

"ஊறுகாய் வேணுமா?" என்றார் அருள்தாஸ்.

கண்ணுங்களா, கத்தியால் குத்துகிறவனைக் கூடப் புரிந்துகொள்ளலாம். அவனுக்கு ஒரு கோபம் இருக்கும். இந்த மனுஷருக்குக் கோபம்கூட இல்லை.

ஞானகுமாரி தன் மேசைக்கு வந்தாள். டிராயரில் இருந்த, நாலு வரியும் அப்படியே உள்ள பழைய பிளாப்பியைப் போட்டு, சிப்பு எழுதும் பெட்டியை இழுத்து, வெறும் சிப்புகளில் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள். பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரிலும். பக்கத்து மேசை ஹில்டா, "வேலை போயிடும்டி" என்று முணுமுணுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, வெறும் சிப்பு டப்பா ஒன்றை மேசைக்கடியில் காலாலேயே தள்ளிவிட்டாள்.

வெளியே வந்தபோது கேட்டில் ஒரே கூச்சல். காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போன பொன்னியம்மா ஒரு கருங்கல் ஜல்லியை எடுத்து வீசியிருந்தாள். முன்பக்கக் கண்ணாடி ஒரு பாளம் அப்படியே சரிந்து கொட்டியது. வாட்ச்மேன் தடியால் அவள் முதுகில் விளாசிக்கொண்டிருந்தான். ஞானகுமாரி குறுக்கே விழுந்து அவளை இழுத்துக்கொண்டு ஓடினாள். டீக்கடைச் சந்தில் நின்று மூச்சு வாங்கினார்கள்.

"இன்னா சொன்னான் உன் மேனேஜரு?"

"ஏப்ரல்ல பாக்கலாமாம்."

"பேமானி. அந்த சிப்பு இன்னும் எத்தினி பட்டறையில கீது?"

ஞானகுமாரி பையைத் திறந்து காட்டினாள். பொன்னியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அவிழ்ந்த கூந்தலைத் தட்டி முடிந்தாள். "வா. நீ மாத்து. எவன் தடுக்கிறான்னு நான் பாத்துக்கறேன்."

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் இரண்டு பேரும் பட்டறை பட்டறையாக ஏறினார்கள். பூந்தமல்லியில் கலீலுல்லா பாய் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, மிஷினை அவரே அணைத்து, குடிக்க மோரும் கொடுத்தார். எல்லோரும் அப்படியா? ஒரு பட்டறையில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு இடத்தில் கொதிக்கிற டீயை ஞானகுமாரியின் காலில் ஊற்றினான் ஒருவன். பொன்னியம்மா அவன் காதைக் கடித்துவிட்டாள். ஆமாம், பல்லால்தான். சிரிக்காதீங்க, அவன் பாவம்.

மூன்றாம் நாள் வானகரம். ஜேம்ஸ் என்பவரின் பட்டறை. அவர்கள் நுழையும்போதே ஜேம்ஸ் வாசலை மறித்து நின்றார்.

"உங்க கம்பெனியிலேர்ந்து போன் வந்துச்சு. நீ சிப்பைத் திருடிக்கினு சுத்தறியாம். பெட்டியைத் தொட்டா வாரண்டி கெடையாதாம். போம்மா."

"ஒரு நிமிஷ வேலை சார். உங்க ஆளோட கை..."

ஞானகுமாரி உள்ளே நழுவப் பார்த்தாள். ஜேம்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். பை விழுந்து சிப்பெல்லாம் தரையில் சிதறின. பிரஸ்ஸில் வேலை செய்துகொண்டிருந்த வீராசாமி எழுந்து வந்து, காலருகே கிடந்த ஒரு சிப்பை வேண்டுமென்றே மிதித்தான்.

"யக்கா, இதைப் போட்டா டியூப்பு கட்ட முடியாதாமே? உனுக்கு மாசம் பொறந்தா சம்பளம். நான் பீஸ் அடிச்சாத்தான் சோறு. என் கையைப் பத்தி எனுக்குத் தெரியாதா?"

"என் ஊட்டுக்காரனும் இப்டித்தான்டா பேசிக்கினு இருந்தான்!" என்று பொன்னியம்மா அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் உதறித் தள்ளினான். அவள் போய்த் தகட்டுக் குவியலில் விழுந்தாள், முன்கை நீளமாகக் கிழிந்தது.

அப்போது கரண்ட் போனது.

மின்விசிறி தேய்ந்து நின்றது. சண்டைக்கும் ஒரு இடைவேளை மாதிரி எல்லோரும் அப்படியே நின்றார்கள். வீராசாமி "தோ, இதுவும் பூட்ச்சு" என்று சலித்துக்கொண்டு, பஞ்சு வேஸ்ட்டை எடுத்தான். பிரஸ்ஸின் மேல் சாய்ந்து டைக்குள் கையை விட்டுத் துடைக்க ஆரம்பித்தான். பழக்கம், கண்ணுங்களா. இவ்வளவு நேரம் காதில் விழுந்த எதுவும் கைக்குத் தெரியவில்லை.

"கையை எடு!" என்று ஞானகுமாரி கத்தினாள். ஜேம்ஸ் விடவில்லை. அவர் கட்டை விரலைக் கடித்தாள், அப்போதும் விடவில்லை. "டேய், கையை எடுடா!"

"சும்மா கெட யக்கா. மிஷினே செத்துப் போயி..."

பொன்னியம்மா காத்திருக்கவில்லை. கிழிந்த கையோடு எழுந்தாள், மேசையில் கிடந்த பெரிய ஸ்பானரை இரண்டு கையாலும் தூக்கினாள், வீராசாமியின் தோள்பட்டையில் போட்டாள் ஒன்று. அவன் அலறிக்கொண்டு மல்லாந்து விழுந்தான். அவன் விழும்போது டியூப் கட்டாத பட்டனை இடுப்பு இடித்து அழுத்தியது. அந்த நொடியில் விளக்கெல்லாம் எரிந்தது.

டம்!

மேல் டை இறங்கி ஏறியது. உள்ளே பஞ்சு வேஸ்ட் அப்பளம் மாதிரி நசுங்கி ஒட்டியிருந்தது.

ஜேம்ஸின் பிடி தானாகத் தளர்ந்தது. வீராசாமி தரையில் உட்கார்ந்தபடி அந்த வேஸ்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையும் இல்லை, திட்டும் இல்லை. எழுந்தான். மூலையில் சாத்தியிருந்த இரும்பு ராடை எடுத்தான். கன்ட்ரோல் பெட்டியை நோக்கி ஓங்கினான்.

ஞானகுமாரி பாய்ந்து நடுவில் கையை நீட்டினாள்.

எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவள் கீழே சரிந்தாள். ஆனால் பெட்டியை விட்டு நகரவில்லை, முதுகை அதன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

"பெட்டியை உடைக்காதே! அதுல ஒரு தப்பும் இல்ல. அது எழுதினதைச் செய்யுது. எழுதினதுதான் தப்பு."

வீராசாமி ராடைத் தாழ்த்தினான். "ஐயோ, யக்கா... உன்னிய அட்ச்சுட்டேனே!"

"அடிச்சது போகட்டும். மெயினை அணை. கம்ப்ரசர் காத்தைத் திறந்து விடு. சார், ஒரு ஸ்க்ரூட்ரைவர் கொடுங்க."

ஜேம்ஸ் கொடுத்தார், கடிபட்ட கட்டை விரலோடு. ஞானகுமாரியின் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, இடது கைக்கு நிதானம் வரவில்லை. பொன்னியம்மாவைப் பார்த்தாள்.

"நானா? எனுக்கு இன்னா தெரியும்?"

"தெரிய வேண்டாம். பெட்டியைத் திறந்து, பழைய சிப்பை ஒரு ஓரமா நெம்பு. மெள்ள. இப்ப அந்த ஓரம். கோபத்தோட இழுக்காதேம்மா, சிப்போட கால் வளைஞ்சுடும்."

பொன்னியம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நெம்பினாள். ஸ்பானர் வீசின அதே கை, பிள்ளைக்குக் காது குத்துகிற மாதிரி பதமாக எடுத்தது. வீராசாமி தரையில் தவழ்ந்து நல்ல சிப்பு ஒன்றைப் பொறுக்கி, சட்டையில் துடைத்துக் கொடுத்தான். எந்தப் பக்கம் மேலே என்று ஞானகுமாரி சொன்னாள். அமுக்கினார்கள். கம்ப்ரசரில் காத்து ஏறினதும் மெயினைப் போட்டார்கள். ஒரு பட்டன் கட்டியபடியே இருந்தது, மற்றதை வீராசாமி தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. ஓங்கித் தட்டினான். மிஷின் அசையவில்லை.

"ஓடலியே!" என்றார் ஜேம்ஸ்.

ஞானகுமாரி வலியிலும் சிரித்துவிட்டாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து! தான் எழுதினது தன் சொல்லைக் காப்பாற்றுகிறதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது பெற்றவளுக்குத் தெரியும்.

முறிந்த கைக்கு ஜேம்ஸ் எடுத்துத் தந்த மரப் பட்டையையும் பொன்னியம்மாவின் முந்தானைக் கிழிசலையும் வைத்துக் கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கிறேன் என்றார் ஜேம்ஸ்.

"நசரத்பேட்டையில ஒரு பட்டறை பாக்கி" என்றாள் ஞானகுமாரி. "அங்கேயும் கரண்ட் போகும் சார்."

நசரத்பேட்டைக்குப் போன ஆட்டோவில் ஞானகுமாரி ஒரு ஓரம், பொன்னியம்மா மறு ஓரம், நடுவில் சிப்புப் பை. வீராசாமி டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான். அவன் கால்களுக்கிடையில் அந்த இரும்பு ராட் நின்றிருந்தது.

"அதைக் கீழ போட்டுட்டு வாப்பா" என்றாள் ஞானகுமாரி.

"நீ சிப்பைப் பாத்துக்க யக்கா. இது என்னாண்ட இருக்கட்டும்."