ஓல்டான்

ஓல்டான்ங்கிற வார்த்தை யாரு வீட்டுச் சொத்துன்னு கேக்குறேன்? பஸ்ஸை நிறுத்தணும்னா கண்டக்டர் ஆண்டியப்பன் மூக்கால "ஹோல்டேன்"ம்பான். அதைக் கேட்டுக் கேட்டு எங்க ஆவூர்ப் பக்கமே புடிச்சுக்கிருச்சு. எங்க வீட்டுக்காரர் ஏர் மாட்டை "ஓல்டானு"ன்னு நிறுத்துவாரு. பந்தியில சோறு போதும்னா எலைக்கு மேல கையை நீட்டி "ஓல்ட்டான், ஓல்ட்டான்"ம்பாங்க. நாத்தனா மகளுக்குப் பேசுன கல்யாணம்கூட அப்ப ஓல்டான்லதான் நின்னுச்சு.

எம்மக வேளாங்கண்ணி எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவ. "அம்மா, அது இங்கிலீசு. பொறுன்னும் அர்த்தம், இறுகப் புடிச்சுக்கன்னும் அர்த்தம். ஹோல்ட் ஆன்னு சொல்லணும்"னா.

"போடி, நம்ம வாயில எப்படி வருதோ அப்படித்தான்"னேன்.

அம்பத்தாறுல புதுக்கோட்டையில வாத்தியாரம்மா டிரெயினிங்குக்குப் புள்ளைகளைக் கூப்புட்டிருந்தாங்க. பத்து மணிக்குக் கேட்டைச் சாத்திருவாங்களாம். விட்டா அடுத்த வருசந்தான். அடுத்த வருசம்னா அவளைக் கட்டிக்குடுத்துருவோம்னு எங்க வீட்டுக்காரர் கறாராச் சொல்லிப்புட்டாரு.

அன்னைக்குக் காலையில, ஊருக்குப் பாதை பிரியுற விலக்குல பஸ்ஸு வந்து நின்னுச்சு. உள்ள ஒரே நெரிசல். எடம் புடிக்கலாம்னு நான் முண்டியடிச்சு முதல்ல ஏறிட்டேன். எனக்குப் பின்னால ஏற வந்த எம்மகளை ஆண்டியப்பன் கையை நீட்டி மறிச்சான். "எடமில்லை, சாயங்காலம் வா. ரைட்!"

வண்டி நகந்துருச்சு! புள்ளை ரோட்டுல நின்னு அழுகுறா. எனக்கு எங்கேருந்துதான் அந்தக் குரலு வந்துச்சோ, "ஓல்டா...ன்!"னு கத்துனேன் பாருங்க, வண்டி குலுங்கி நின்னுச்சு.

"யாரது? அது நான் சொல்ற வார்த்தை!"ன்னு ஆண்டியப்பன் எகிறுனான்.

"வார்த்தைக்கும் டிக்கெட்டு கிழிப்பியாய்யா?"ன்னேன். பஸ்ஸே சிரிச்சுச்சு.

அவனுக்கு மொகம் செவந்துபோச்சு. "ரைட், ரைட்!"னான். மொதல்ல முன் சீட்டு காத்தாயி "ஓல்டேன்"னா. மீன்கூடைக்காரர் "வோல்டான்"னாரு. பெறகு ஆளுக்கொரு வாயி, ஆளுக்கொரு ஓல்டான். அவன் ரைட்டுங்கிறதும் இவங்க ஓல்டான்ங்கிறதுமா வண்டிக்குள்ள திருவிழாதான்!

டிரைவர் சவரியப்பன் எஞ்சினையே அமத்திட்டாரு. "ஆண்டியப்பா, ஒருக்கா இந்தச் சொல்லைக் கேட்டும் வண்டியை எடுத்து, ஒரு பொம்பளை சேலை சக்கரத்துல சிக்கிருச்சு. அன்னையிலேருந்து யாரு சொன்னாலும் எனக்கு ஓல்டான் ஓல்டாந்தான். அந்தப் புள்ளை ஏறாம பிரேக்குலேருந்து காலை எடுக்க மாட்டேன்"னாரு.

ஆண்டியப்பன் கையை எடுத்தான். காத்தாயி புள்ளையை இழுத்துத் தன் மடியில உக்கார வச்சுக்கிட்டா. பெறகு வண்டி போன வேகம் இருக்கே, நான் மாதா பேரைச் சொல்லிக்கிட்டே வந்தேன்.

புதுக்கோட்டையில எறங்கி ரெண்டு பேரும் ஓடுனோம். காவக்காரர் சாத்துறதுக்குக் கேட்டுல கையை வச்சுட்டாரு. எம்மக செருப்பைக் கழட்டி எங்கிட்ட எறிஞ்சிட்டு, அந்த இடுக்குல பூந்து உள்ள போயிட்டா. அவ பின்னால கேட்டு சாத்துன சத்தம் இருக்கே, கோயில் மணிகூட அப்படிக் கேட்டதில்ல எனக்கு. நடுரோட்டுல ஒத்தையில நின்னு, ஒரு கையில செருப்போட, வெக்கத்தை விட்டுச் சிரிச்சேன்.