பொன்னன்ரை மகன்

“டொக்டர் எவடம்?”

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு ஊர்ப்பெயர் மட்டும் விடையாகாது, கேட்பது சாதியை என்பது டொக்டர் சீவரத்தினத்துக்குத் தெரியும். கேட்டவர் கொடிகாமம் நமசிவாயம், தென்னங்காணிக்காரர். அவருடைய மகள் நாகேஸ்வரி ஐந்து மாதக் கர்ப்பிணி. படுத்தால் மூச்சு முட்டியதால் ஆசுபத்திரிக் கட்டிலில் குந்தியபடியே இருந்தாள். இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கி ஒட்டிப்போயிருந்தது.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டையால் பாதை பூட்டு. கிளாலிக் கடலில் வள்ளமேற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனால் வழியிலேயே உயிர் போய்விடும். குடாநாட்டில் இதயத்தில் கத்தி வைக்கத் துணிந்தவர் சீவரத்தினம் ஒருவர்தான். லண்டனில் படித்துவிட்டு, எல்லோரும் தடுக்கத் தடுக்கத் திரும்பி வந்தவர்.

“கொடிகாமம்தான்,” என்றார் அவர். “மரமேறுற பொன்னன்ரை மகன். உங்கடை கிணத்திலை தண்ணி அள்ளினதுக்கு அவரைப் பனையோடை கட்டிவைச்சு அடிச்சனீங்கள். நான் பக்கத்திலை பார்த்துக்கொண்டு நிண்டனான்.”

நமசிவாயத்தின் முகம் கறுத்தது. அதுவரை இருந்த மரியாதை அந்தக் கணமே பேச்சிலிருந்து கழன்று விழுந்தது.

“நீ அவன்ரை பெடியனோ? உன்ரை கை என்ரை பிள்ளையின்ரை நெஞ்சுக்குள்ளை போறதோ? அதைவிட அவள் சாகலாம். எழும்படி, போவம்!”

நாகேஸ்வரி எழும்பவில்லை. மூச்சை இழுத்து இழுத்துக் கதைத்தாள். “சாகப்போறது நானப்பா. நீங்கள் போங்கோ.”

பக்கத்தில் நின்ற கணவனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

“அப்ப எனக்கு மகளில்லை,” என்றுவிட்டு நமசிவாயம் வெளியே போனார். ஆனாலும் ஆசுபத்திரி வளவை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை, மண்ணெண்ணெயில் இரைந்த ஜெனரேற்றரை நம்பிச் சத்திரசிகிச்சை தொடங்கியது. இதயத்தை நிறுத்திவைத்து வேலை செய்ய மெஷின் இல்லை. துடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே விரலை விட்டு வால்வைப் பிரிக்கவேண்டும்.

விலா எலும்புகளை விலக்கி அந்த இதயத்தைப் பார்த்தபோது சீவரத்தினத்துக்கு இரக்கம் வரவில்லை. பனையோடு கட்டப்பட்ட தகப்பனின் முதுகுதான் கண்ணில் நின்றது. இப்போது கை தவறினால் ஒருவரும் தன்னைக் குற்றம் சொல்லமாட்டார்கள் என்று நினைத்தார். அந்த நினைப்பைக் கண்டு அவரே பயந்தார். கத்தியை எடுத்த கை அந்தரத்தில் நின்றது.

“சேர், என்ன?” என்றாள் தாதி லூர்த்தம்மா.

“ஒண்டுமில்லை. கொஞ்சம் பொறுங்கோ.”

கை அமைதியாகும்வரை காத்திருந்தார். பிறகு வெட்டி, சுட்டுவிரலை உள்ளே விட்டார். வால்வு சட்டையின் பொத்தான் துளையளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மேலே பொம்பர் விமானம் இரைந்தது. ஒருவரும் அசையவில்லை. அவர் விரலை அழுத்தினார். ஒட்டியிருந்த இதழ்கள் விண்டு பிரிந்தன. இரத்தம் பீறியது. விரலை எடுத்த கையோடு, சுற்றிப் போட்டிருந்த தையலை இழுத்து இறுக்கினார். இதயம் தாளம் தவறித் தடுமாறி, பிறகு வழிக்கு வந்தது.

இரண்டு நாள் கழித்து நாகேஸ்வரி கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாள். நமசிவாயம் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போகவில்லை. லூர்த்தம்மாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: “கையுறை போட்டுத்தானே தொட்டவன்?”

சீவரத்தினம் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

“ஓம், போட்டனான். ஆனால் உள்ளுக்குப் போனது என்ரை விரல்தான். அவள் மூச்சு விடுற காலமெல்லாம் உமக்கு அது மறக்காது.”

நமசிவாயம் நிலத்தில் காறித் துப்பிவிட்டு நடந்தார். சொன்ன சொல் சீவரத்தினத்தின் வாயில் இனித்தது. இனித்ததற்காக அவர் வெட்கப்படவுமில்லை.

நாகேஸ்வரிக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கணவனின் வாடகை வீட்டில் இருக்கும்போது பெண்குழந்தை பிறந்தது. நமசிவாயம் எட்டிப் பார்க்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த பெரிய டொக்டர்தான் மகளைக் காப்பாற்றியவர் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அந்தக் கதையைக் கொடிகாமத்திலிருந்து வந்த ஒரு நோயாளி சீவரத்தினத்திடமே சொன்னார்.

“பாதை பூட்டிக் கிடக்கேக்கை கொழும்பாலை ஆர் வந்தது?” என்று கேட்டார் சீவரத்தினம்.

வந்தவர் கதிரையை முன்னுக்கு இழுத்து இருந்தார்.

“சேட்டைக் கழட்டுங்கோ, நெஞ்சைப் பாப்பம்,” என்றார் டொக்டர்.