ஆறு மணி எண்ணிக்கை

அழகுராஜாவின் பேர் இன்றைக்கும் மேலேதான் இருந்தது. தனுஷ்கோடிக்கு வயிறு எரிந்தது. நாற்பது வருசமாக ராஜபாளையத்தில் நாய் வளர்க்கிறவர் அவர். ஸ்ரீவில்லிபுத்தூர் அழகுராஜா நேற்று முளைத்தவன். ஆனால் நாய் வளர்ப்போர் சங்கத்தின் இணையப் பக்கத்தில் முதல் பேர்க்காரனுக்குத்தான் பெங்களூரிலிருந்து போன் வருகிறது. இவருடைய ஐந்து வெள்ளைக் குட்டிகளும் கேட்க ஆளில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தன.

பக்கத்தை உண்டாக்கியவன் கிருஷ்ணன்கோவிலில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அலெக்ஸ். அவனுக்குப் போன் போட்டார்.

"ஏலே, அவன்கிட்ட என்ன வாங்கித் தின்ன?"

"அண்ணாச்சி, நான் எதையும் எழுதல. சாயங்காலம் ஆறு மணிக்கு ப்ளகின்னு நான் மாட்டிவச்ச சின்ன புரோகிராம் தானா போயி, உங்க ரெண்டு பேரு லைவையும் அப்ப எத்தன பேரு பாக்காங்கன்னு எடுத்தாந்து பக்கத்துல ஒட்டிரும். மறுநா ஆறு மணி வரைக்கும் அது அசையாது. கூட்டம் அதிகம் உள்ளவரு மேல. சமமா வந்தா மூத்தவரு, நீங்க மேல."

"அவனுக்கு நாப்பத்திரெண்டு, எனக்கு நாப்பதா? யாருகிட்டடே கத விடுத?"

"ஆறு மணிக்கு நீங்க என்ன செய்வீய?"

"ஒரு போன்ல எங்குட்டியளக் காட்டுவேன். இன்னொண்ணுல அந்தப் பய என்ன காட்டுதான்னு பாப்பேன். எம்பொஞ்சாதி போன்லயும் அவன் லைவுதான் ஓடும். ஒண்ணு நின்னாலும் ஒண்ணு இருக்குமில்ல."

அலெக்ஸ் சிரித்துவிட்டான். "அந்த நாப்பத்திரெண்டுல ரெண்டு உங்க வீடு, அண்ணாச்சி."

மறுநாள் மனைவி குருவம்மாளின் போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டார். தன்னுடைய இரண்டாவது போனைச் சட்டைப்பையில் பூட்டிவைத்ததுபோல் வைத்துக்கொண்டார். குட்டிகள் பால் கிண்ணத்தில் முட்டி மோதின. லைவில் நாற்பது பேர்.

ஆறுக்கு இன்னும் இரண்டே நிமிசம். அந்தப் பய இப்ப என்ன காட்டிக்கிட்டிருப்பான்? தாய் நாயையும் நிறுத்தியிருப்பானோ? கை சட்டைப்பைக்குப் போனது.

"அதத் தொடாதீய," என்றாள் குருவம்மாள்.

"செத்த நேரம்தாண்டி. பாத்துட்டு மூடிருதேன்."

அழகுராஜாவின் குட்டிகள் சாக்கில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. வேறொன்றுமே இல்லை.

"தூங்குத குட்டியப் பாக்கவா இம்புட்டுப் பேரு?" கண்ணை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டே நின்றார். சுவர்க் கடிகாரம் ஆறு அடித்தது.

பக்கம் மாறியது. அழகுராஜா, நாற்பத்தொன்று. தனுஷ்கோடி, நாற்பது.

குருவம்மாள் எட்டிப் பார்த்தாள். "அங்கன கூடுதலா வந்த அந்த ஒண்ணு யாரு?"

தனுஷ்கோடி போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எவனோ பொழப்பத்தவன்."