நொண்டாத குதிரை

குதிரை மருத்துவர் சங்கம் பாராட்டுத் தீர்மானம் போட்ட அன்று சாயங்காலம், சொரிமுத்துவின் ஜட்காக் குதிரை தரையிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பி நின்றது. எழுபத்திமூன்றாம் வருஷத்து ஐப்பசி அது. தூத்துக்குடியில் அப்போது குதிரைகளைவிடக் குதிரை மருத்துவர்கள் அதிகம். ரயிலடி ஜட்காக்கள் போய் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் வந்துவிட்டன. நாசரேத்திலிருந்தும் சாத்தான்குளத்திலிருந்தும் டாக்டர்கள் மட்டும் குறைவில்லாமல் படித்து வந்துகொண்டிருந்தார்கள். வைத்தியம் பார்க்கக் குதிரை கிடைக்காதவர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். கூட்டம் ஜெபத்தோடு தொடங்கி, பிளம் கேக்கோடு முடியும். இடையில் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வார்கள்.

தலைவர் டாக்டர் சுந்தர்சிங். முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பி அறுத்துக் கொட்டிய மேட்டில் கால் வைத்து நொண்டிய அந்தக் குதிரையை, பேன்ட் மடிப்புக் கலையாமல் நின்றபடியே பார்த்து, "ரெஸ்ட் குடு" என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான். பாராட்டு அதற்குத்தான். சங்க விதிப்படி குதிரை அதோடு அவருடைய கேஸ் ஆகிவிட்டது. அவர் சம்மதமில்லாமல் வேறு யார் தொட்டாலும் சங்கத்தைவிட்டு வெளியே போக வேண்டியதுதான். பிளாரன்ஸுக்கு அது சாதாரண விஷயமில்லை. உறுப்பினர்களில் இளையவள் அவள். மாட்டாஸ்பத்திரியில் அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாவது சங்கத்தின் சிபாரிசில் தொங்கிக்கொண்டிருந்தது.

குதிரை அந்தரத்தில் நின்றதால் நொண்டவில்லை. தலைவர் இதைத் தம் சிகிச்சையின் வெற்றி என்று அறிவித்தார். "பாத்தியா பிளாரன்ஸ், நொண்டுதா?" என்று கூட்டத்தில் வைத்தே கேட்டார்.

"கால் ஊனவே இல்லையே சார், பொறவு எப்படி நொண்டும்?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். தலைவரை மறுபடி பாராட்டி இன்னொரு தீர்மானம் போட்டார்கள். குதிரை ஓட்டுக்கூரை உயரத்துக்குப் போய்விட்டது. சொரிமுத்து தருவைகுளத்திலிருந்து நங்கூரக் கயிறு வாங்கிவந்து அதைக் கட்டிப்போட்டார். ஏணியில் ஏறித் தவிட்டுத் தண்ணீர் காட்டினார். தெருவில் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் தலைக்குமேல் குடையை விரித்துக்கொண்டார்கள். மற்றபடி யாருக்கும் அதனால் தொந்தரவில்லை.

தை பிறந்ததும் சொரிமுத்து பிளாரன்ஸின் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டாக்டரம்மா, குளம்பு நாறுது. தவிட்டுத் தண்ணிகூட குடிக்க மாட்டேங்கு. அடுத்த கூட்டத்துக்குக் கயிறு தாங்காது. அது போயிட்டுன்னா என் பொழப்பும் போச்சு."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பைக்கூட மாட்டவில்லை. குளம்பு சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு அப்படியே நடந்தாள். சொரிமுத்து கயிற்றைப் பிடித்து இழுக்க, குளம்பு அவள் தலைக்குமேல் வந்து நின்றது. அண்ணாந்து நின்று சீவினாள். சீழ் அவள் முகத்திலும் சேலையிலும் கொட்டியது. கடைசியில் ஒரு சிப்பித் துண்டு வந்து விழுந்தது. குதிரை நீளமாக மூச்சுவிட்டுத் தரையில் இறங்கியது. இரண்டடி எடுத்துவைத்து, நன்றாக நொண்டியது. அந்த நொண்டலைப் பார்த்து பிளாரன்ஸ் அழுதுவிட்டாள்.

சங்கம் அவசரமாகக் கூடியது. தலைவர் கையில் நொண்டாமல் இருந்த குதிரையை நொண்டவைத்த குற்றத்துக்காக அவளை ஏகமனதாக நீக்கினார்கள். ஆஸ்பத்திரி வேலையும் போயிற்று.

அந்தத் தீர்மானம் நிறைவேறியபோது குதிரை அசையவில்லை. நாற்காலிகள்தான் எழும்பின. தலைவரும் உறுப்பினர்களும் உட்கார்ந்த வாக்கிலேயே மேலே போய், உத்தரத்தில் தலை முட்டி நின்றார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஜன்னல் கம்பி வழியே இறங்கியிருக்கலாம். ஆனால் உடம்பு லேசாவதாகச் சொன்ன ஒவ்வொருவரையும் தலைவர் பார்த்து, "ரெஸ்ட் எடும்" என்று சொல்லிவிட்டார். அதோடு எல்லாரும் அவருடைய கேஸ். அடுத்தவர் கேஸைத் தொடுவதாவது! அங்கேயே இருந்து, இருந்ததற்காகத் தங்களைப் பாராட்டிக்கொண்டார்கள்.

பிளாரன்ஸ் ஆறுமுகநேரிப் பக்கம் உப்பு வண்டி மாடுகளுக்கு வைத்தியம் பார்த்துப் பிழைத்தாள். குதிரையின் குளம்பு ஆறியபின் சொரிமுத்துவின் ஜட்காவில்தான் போய்வருவாள். பங்குனியில் ஒருநாள் சங்கக் கட்டடத்தைக் கடக்கும்போது, உள்ளே ஆட்கள் தேநீர் வாளியைக் கயிற்றில் கட்டி உத்தரத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சொரிமுத்து வண்டியை நிறுத்தினார்.

"பாவமா இருக்கு டாக்டரம்மா. நீங்க கை வச்சா எறங்கிருவாங்கள்லா?"

பிளாரன்ஸ் ஜன்னல் வழியே நிதானமாகப் பார்த்தாள்.

"யாரும் நொண்டலையே அண்ணாச்சி" என்றாள். "வண்டிய விடுங்க."