குளத்தின் நடுவில் ஒரு புள்ளி

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. இந்துலிஸ் என் சமையலறைக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் கேட்டான்: "நீ கதை எழுதறவன்தானே? ஔஸ்மா அத்தைகிட்ட நான் என்ன சொல்லணும்னு எழுதிக் குடு. சனிக்கிழமை போறேன்னு சொல்லியிருக்கேன்."

ஆக, இது இலக்கியமில்லை. ஒருவன் வாயில் போட வேண்டிய பேச்சு. எழுதிப் பார்க்கிறேன்.

2.

'லாட்வியாவின் மேற்கு வயல்களில் பனி மெல்ல விலகிய ஒரு காலையில்...'

(அடச்சே. பனியாவது ஒன்றாவது. ஆளைச் சொல்.)

இந்துலிஸ் வயர்மேன். விடுமுறை நாளெல்லாம் புதைந்த பழம்பொருள் தேடி மெட்டல் டிடெக்டரோடு வயலில் கிடப்பான். "என்னை எதுக்குக் கட்டின, மண்ணையே கட்டியிருக்கலாமே" என்பாள் அவன் பெண்டாட்டி.

ஔஸ்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் காட்டில் ஒளிந்திருந்த அவள் அண்ணன் எர்வினைச் சோவியத் சிப்பாய்கள் சுட்டார்கள். அம்மா அவனைக் கொல்லையில் ரகசியமாகப் புதைத்தாள். மண் முகத்தில் விழக்கூடாதென்று பால் கேன் மூடியைக் கவிழ்த்து வைத்தாள். மூடியைத் தூக்கி வந்தவள் சின்னப் பெண் ஔஸ்மா. பிறகு குடும்பத்தையே சைபீரியாவுக்கு ரயிலேற்றினார்கள். வீட்டை இடித்து, கிணற்றைத் தூர்த்து, எல்லாவற்றையும் ஒரே வயலாக உழுதுவிட்டார்கள். ஊர் திரும்பி இறந்த அம்மாவின் பக்கத்தில், கல்லறையில், அண்ணனைச் சேர்க்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. தேடித் தருகிறேன் என்று இந்துலிஸ் ஏற்றுக்கொண்டான்.

3.

பழைய ராணுவ வரைபடத்தில் அந்த வீடு ஒரு கறுப்புப் புள்ளி. வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் விரித்து, புள்ளியை ஜிபிஎஸ்ஸில் ஏற்றி, நடக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கால வரைபடமும் ஜிபிஎஸ்ஸும் பூமியை ஒரே மாதிரி அளப்பதில்லை. அப்படியே போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். தேடுகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும், அதனால் இந்துலிஸ் கையால் கணக்குப் போட்டுத் திருத்தினான். புதிதாக இறக்கிய மென்பொருளோ தானாகவே ஏற்கெனவே திருத்தியிருந்தது. இரட்டைத் திருத்தம்.*

*(விவரம் தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.)

தப்பான இடத்தில் இரண்டு கோடை தோண்டினான். படத்தில் சற்றுத் தள்ளி மண் கறுத்துத் தெரிந்தது. வீடிருந்த மண்ணும் அப்படித்தான் கறுக்கும்; ஈரமாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

4.

நிலக்காரரும் ஈரம் என்றுதான் நினைத்தார். அங்கே மீன்குளம் வெட்டப் பொக்லைன் வரவழைத்தார். ஓட்டுநர் இந்துலிஸிடம் வந்து கேட்டான்.

"பழைய குண்டு கிண்டு கெடக்குமாப்பா? எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

"அந்தப் பக்கம் ஒண்ணும் கெடையாது. தாராளமா வெட்டு."

சொல்லிவிட்டுத் தன் கறுப்பு ரொட்டியில் பாதியை வேறு பிய்த்துக் கொடுத்தான்.

மண்ணெல்லாம் லாரியேறி ஏதேதோ சாலைகளுக்கு அடியில் போயிற்று. போன வாரம்தான் இந்துலிஸ் மென்பொருளின் அமைப்புகளைத் திறந்து பார்த்தான். தன் திருத்தத்தை நீக்கினான். புள்ளி நகர்ந்து குளத்தின் நடுவில் போய் நின்றது.

'அந்த நொடியில் அவன் நெஞ்சுக்குள்...'

(முடியவில்லை. என் எதிரில் உட்கார்ந்து அழுதான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.)

5.

முடிவுகள்.

உண்மையைச் சொல்கிறான். "வெட்டச் சொன்னதே நான்தான் அத்தை" என்ற வரியைத் தாண்டிப் பேனா போகவில்லை.

இன்னும் தேடுவதாகச் சொல்கிறான். டாக்டர் கைவிரித்துவிட்டார், அவளுக்கு அடுத்த கோடை கிடையாது.

பொய் சொல்கிறான். அவன் கொட்டகையில் வேறு வயல்களில் எடுத்த கேன் மூடிகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றைத் துடைத்து எடுத்துப்போகிறான். "இது எங்க மூடி இல்ல" என்று அவள் கண்டுபிடிப்பதாக முதலில் எழுதினேன். சினிமாத்தனம், அடித்துவிட்டேன். அவள் நம்புகிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூடியை மடியில் வைத்துத் தடவுகிறாள்.

"எலும்பு?"

"மண்ணோட மண்ணாப் போச்சு அத்தை. இதுதான் மிச்சம்."

"போகட்டும். இதையே அம்மா பக்கத்துல வெச்சிடலாம்." பிறகு கேட்கிறாள்: "நகராம இருந்துச்சா இந்துலிஸ்? அவன் முகத்துமேலயேதான் இருந்துச்சா?"

'ஆமா அத்தை' என்று போட்டால் கதை முடிந்துவிடும். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது. அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஆகவில்லை. நீங்கள் சொல்லிப் பாருங்கள்.